ஆர்பிட்டால் வரைந்து பிழைக்கிறேன்

கெமிஸ்ட்ரி டியூஷன் எடுப்பவனுக்கு வருஷம் முழுக்கத் தொண்டைவலி. மூலக்கூறு ஆர்பிட்டால் பாடம் வரும்போது மட்டும் கூடவே தலைவலி. கண்ணுக்குத் தெரியாத அணுவுக்குள் இருக்கும் அதைவிடத் தெரியாத ஒன்றை, பசியோடு வந்து உட்காரும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பூந்தமல்லியில் ஒரு டியூஷன் சென்டரில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் நடந்திருக்கும்.

பிளஸ்ஸும் மைனஸும்

ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் அதிகம் நடமாடும் இடம். அதைப் பலூன் மாதிரி வரைந்து, உள்ளே பிளஸ், மைனஸ் என்று குறி போடுவோம். இரண்டு அணு நெருங்கும்போது பிளஸ்ஸும் பிளஸ்ஸும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் பிணைப்பு உண்டாகும், பிளஸ்ஸும் மைனஸும் பொருந்தினால் உண்டாகாது என்றேன். வகுப்பே என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. எதிரெதிர் மின்சுமை ஈர்க்கும் என்று போன வாரம் நானேதான் சொல்லியிருந்தேன். வருஷா வருஷம் வண்டி இந்த இடத்தில்தான் பஞ்சராகும்.

இது மின்சுமை இல்லை, அலையின் மேடும் பள்ளமும் என்று கத்தினேன். மேட்டோடு மேடு சேர்ந்தால் இரண்டு அணுவுக்கும் நடுவில் எலக்ட்ரான் கூடும், அதுதான் இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. கடைசி பெஞ்ச் கொட்டாவி விட்டது. ஹேமா என்ற பெண் மட்டும் எழுந்து நின்றாள். "சார், காலேஜ்லயும் இதத்தான் படிப்பாங்களா? அப்ப நான் கெமிஸ்ட்ரிதான் சார் எடுப்பேன்."

ஹீலியம் விவகாரம்

ஹேமாவின் அப்பா ஏழுமலை, மாங்காடு வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்று வீட்டில் பிடிவாதம் பிடிக்கவே, யார் இந்த வாத்தியார் என்று பார்க்க வந்துவிட்டார். பிளஸ் டூவில் மார்க் வரட்டும், சேர்த்துவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். இரண்டு ஹீலியம் அணு நெருங்கினால் ஒரு பிணைப்பு ஆர்பிட்டாலும், அதைக் கெடுக்கிற ஒரு எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலும் உருவாகும். நான்கு எலக்ட்ரானும் இரண்டையும் நிரப்பிவிடும்; இங்கே கிடைத்த லாபம் அங்கே போய்விடும். ஹேமா இதை வீட்டுச் சுவரில் வரைந்து ஒட்டி, அவருக்குப் பாடமும் எடுத்திருக்கிறாள். "அது சேரவே சேராதாம் சார். சேராததுக்கு இன்னாத்துக்கு சார் படம் போட்டுகினு கீது?"

பதினாலுக்கு மூணு

எங்கள் சென்டர் ஓனருக்கு இந்த ஆர்பிட்டால் படமே பிடிக்காது. மூலக்கூறில் பதினாலு எலக்ட்ரான் என்றால் பிணைப்புத் தரம், அதாவது எத்தனை பிணைப்பு என்ற கணக்கு, மூன்று; ஒன்று ஏறினாலும் இறங்கினாலும் அரை குறையும். இந்தக் குறுக்குவழியைச் சொல்லிவிட்டு ஒரே வகுப்பில் பாடத்தை முடிக்கச் சொன்னார். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டாமா என்று எரிச்சலோடு கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "புரிஞ்சா ஆபத்து சார், பரிட்சை ஹால்ல உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க."

ஆக்சிஜன்

அடுத்த டெஸ்ட்டில், ஆக்சிஜனைக் காந்தம் ஏன் இழுக்கிறது என்று வேண்டுமென்றே கேட்டேன். எல்லாரும் பிணைப்புத் தரம் இரண்டு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள். ஹேமா முழுப் படமும் போட்டு, எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களில் ஜோடியில்லாமல் நிற்கும் இரண்டு எலக்ட்ரானையும் காட்டியிருந்தாள். விடைத்தாளை எட்டிப் பார்த்த பக்கத்து சீட்டுப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, ஆக்சிஜன இழுத்து விட்டா போதாதா உனக்கு?"

ஸ்வீட் பாக்ஸ்

பிளஸ் டூவில் பள்ளியிலேயே கெமிஸ்ட்ரியில் ஹேமாதான் முதல். ஏழுமலை ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். சீட்டு உறுதி என்று நான் மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். கெமிஸ்ட்ரி படித்தால் என்ன ஆகலாம் சார் என்று கேட்டார். மருந்துக் கம்பெனி, ஆராய்ச்சி, வெளிநாடு என்று அடுக்கினேன். கிறீச்சிடும் ஃபேனையும், சாக்பீஸ் தூள் படிந்த என் சட்டையையும் ஒரு தரம் பார்த்தார். நீங்க இன்னா சார் படிச்சீங்க என்றார். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று பெருமையாகவே சொன்னேன்.

ஹேமா இப்போது ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். ஆனாலும் அந்த மனுஷன்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு மரியாதையாகத்தான் சொன்னார். "தப்பா நெனைச்சிக்காதீங்க சார், அவ்ளோ படிச்ச நீங்களே இங்கதான கீறீங்க."

கெமிஸ்ட்ரி படித்தால் என்ன ஆகலாம் என்று கேட்டு வரும் அப்பாக்களுக்கு நாம் வாய் வலிக்கப் பதில் சொல்கிறோம், அவர்களோ நம்மை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பி.காம். அப்ளிகேஷன் வாங்கப் போய்விடுகிறார்கள்.