இன்ஸ்பெக்டரின் பிஸ்டலுக்கு வைத்த சந்தனம்

புதுக்கோட்டையில் ஒரு வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிஸ்டல் இருக்கிறது. சென்ற ஆயுத பூஜையன்று அந்த வீட்டுக்காரர் என்னைப் பிரசாதம் வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார். பெட்டியைத் திறந்து, சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்த அந்தப் பிஸ்டலைக் காட்டினார். குழலை அடைத்த பிறகுதான் வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்களாம். அவருடைய தாத்தா காலத்திலேயே அது அடைத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தத் தாத்தா எங்கள் இன்ஸ்பெக்டர். சமஸ்தானப் போலீசில் நான் அவரிடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பர்மாவிலிருந்து தப்பி வந்த ஒரு செட்டியார், எதற்கு நன்றியாகவோ, அந்தப் பிஸ்டலை அவருக்குக் கொடுத்தார். மேல் மூடியைப் பின்னுக்கு இழுத்து விட்டால் அடியிலிருக்கும் குண்டு தானே ஏறிக் குழலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் வகை. எங்கள் ஊருக்கு அது புதுசு. இன்ஸ்பெக்டர் அன்றிலிருந்து நடையையே மாற்றிக்கொண்டார். சாப்பிடும்போதுகூட இலைக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டும். அதை வைத்து அவர் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் திருடர்களெல்லாம் எல்லை தாண்டி ஓடிவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டேஷனில் லத்தி, விலங்கு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஏட்டையா பொட்டு வைத்தார். பிஸ்டலை மட்டும் இன்ஸ்பெக்டர் யாரையும் தொட விடவில்லை. மூடியை இழுத்துத் திறந்து நிறுத்தி, "ஆயுதத்துக்கு வாய்தான்யா முக்கியம்" என்று சொல்லி, பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் குண்டு போய் உட்காருகிற குழிக்குள் விரலை விட்டு அப்பினார். அதன்மேல் குங்குமம். அம்பாளுக்கு வைத்தது தானாக உதிரும்வரை எவனும் துடைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். அத்தனை அதிகாரம் படைத்த ஒரு முட்டாளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

பூஜை முடிந்த வாரம் மைதானத்தில் சுட்டுப் பழகப் போனார். குண்டு பாதி ஏறி நின்றுகொண்டது. மூடி முழுசாகச் சேரவில்லை. விசையை இழுத்தால் ஒன்றுமில்லை. உடனே வைத்தியம் ஆரம்பமாயிற்று. மழைக்காலத்தில் குண்டுகள் ஊதிவிட்டன என்றார். முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்தோம். அவர் வீட்டு வற்றலுக்குப் பக்கத்திலேயே. காக்கை விரட்டுவது என் வேலை. பி.ஏ. படித்ததன் பலனை அன்றுதான் முழுதாக அனுபவித்தேன். காய்ந்த குண்டும் ஏறவில்லை. ஸ்பிரிங் சோம்பிவிட்டது என்று விளக்கெண்ணெயை ஊற்றினார். ஏற்கெனவே இறுகியிருந்த சந்தனம் எண்ணெயும் தூசியும் சேர்ந்து இன்னும் கெட்டியாயிற்று. இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம், கண் இருந்தால் போதும். "அந்தச் சந்தனத்தத் தொடச்சிட்டுப் பாக்கலாமேங்க" என்றேன். "நீ எந்த ஊருக்காரன்யா? சாமி காரியத்துல கை வைக்கச் சொல்ற?" என்று சீறினார். கடைசியில் குண்டே போடாமல் மூடியை இழுத்து விட்டுப் பார்த்தார். அழகாக மூடிக்கொண்டது. குணமாகிவிட்டது என்று அறிவித்து உறையில் செருகிக்கொண்டார்.

ஆலங்குடிச் சந்தையில் ஒரு வெறிநாய் புகுந்தது அதற்குச் சில நாள் கழித்து. இன்ஸ்பெக்டர், ஏட்டையா, நான் மூவரும் வேறு காரியமாக அங்கே போயிருந்தோம். வாயில் நுரை ஒழுக அது வர, ஜனங்கள் கூடைகளைப் போட்டுவிட்டு வண்டிகள்மேல் ஏறினார்கள். "எல்லாரும் வெலகுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று இன்ஸ்பெக்டர் நடுவில் போய் நின்றார். நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டிய அந்த நிலையை ஒரு படம் எடுத்திருக்கலாம். மூடியை இழுத்து விட்டதும் குண்டு மறுபடியும் பாதியில் நின்றது. அவர் பிஸ்டலைத் திருப்பிக் குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நாய் நெருங்கியதும் அதையும் விட்டுவிட்டுக் கத்திரிக்காய் வண்டியில் ஏறினார். ஒரு கீரைக்காரி மட்டும் ஓட முடியாமல் விழுந்து கிடந்தாள். ஏட்டையாதான் லத்தியோடு குறுக்கே போனார். நாயை அடித்துக் கொன்றார். அதற்குள் அது அவர் கெண்டைக்காலைக் கிழித்திருந்தது.

ஏட்டையா வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்மேல் இன்ஸ்பெக்டர் எழுதிய புகார் மேலே போயிற்று. பிஸ்டலைச் சுத்தம் செய்யாமல் கெடுத்தவர் அவர்தானாம். வேலை போய்விடும் நிலை. பென்ஷனுக்குக் கொஞ்ச காலமே பாக்கி. நான் பார்க்கப் போனபோது அவர் அழவில்லை. "ஊசி வலிக்கல தம்பி, அந்தாளு சொன்னதுதான் வலிக்குது" என்றார்.

விசாரணைக்கு வந்த மேலதிகாரி அதிகம் பேசாதவர். ஏட்டையா காலைத் தாங்கித் தாங்கி வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் தன் குற்றச்சாட்டை நீட்டி முழக்கி முடித்ததும், "பூஜைக்கு வச்சீங்களா இதை?" என்று மட்டும் அதிகாரி கேட்டார். பெருமை பேசக் கிடைத்த சந்தர்ப்பத்தை எங்கள் ஆள் விடுவாரா?

"பின்னேங்க! அன்னிக்கி என் கையத் தவிர வேற கை படாதுங்க. வச்ச சந்தனத்த இன்னிக்கி வரைக்கும் ஒரு பய தொடைக்கல. கண்டிசனா சொல்லி வச்சிருக்கேன்."

அதிகாரி மூடியை இழுத்தார். ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டுச் சுரண்டினார். மேஜைமேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பொருக்கு உதிர்ந்தது. மோந்து பார்த்தார். "வாசனையாத்தான் இருக்கு" என்றார். ஏட்டையாவின் வேலை தப்பியது. இன்ஸ்பெக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல், அவ்வளவுதான். அவரைப் போன்றவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

அவர் அடங்கினாரா என்றால் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கதைக்கு ஒரு புது முடிவு செய்துகொண்டார். நாய் பைரவருடைய வாகனம் அல்லவா, அதைக் கொல்லும் பாவம் தன் பக்தனுக்கு வரக் கூடாதென்று அம்பாளே குண்டை நிறுத்திவிட்டாளாம். ஊர் அதை நம்பிற்று. ஏட்டையா கடைசிவரை காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். அம்பாள் அவரை ஏன் கவனிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

சென்ற ஆயுத பூஜையன்று அந்தப் பேரன் கூடியிருந்தவர்களுக்கு அந்தக் கதையைத்தான் பக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா நேர்ல பாத்தவங்க. நீங்களே சொல்லுங்க, அம்பா குண்ட நிறுத்துனாளா இல்லையா?"

கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். அதே குழியில் அதே மாதிரி சந்தனம், இந்த வருஷத்துப் புதுச் சந்தனம்.

"குண்டு நின்னது நெசந்தான் தம்பி" என்றேன். "நாய்தான் நிக்கல."