மட்டைக்கு வைத்த சந்தனம்

எல்லப்பன் எனக்கு வெளியாள் இல்லை. என் அத்தை மீனம்மாளின் கடைசி மகள் கங்கம்மாளைக் கட்டியவன். வல்லம் ஏரிக்கரையில் பெல்ட் கம்பெனி வந்தபோது அதன் முதலாளி மீதி நிலத்தில் புல் வளர்த்து கோல்ஃப் ஆடினார். ஏரியில் விழும் பந்தை எடுத்துத் தர ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலை எல்லப்பனுக்குக் கிடைத்தது. தற்காலிகம்தான்.

முதலாளி அடித்த பந்து நேராகத்தான் கிளம்பும். பாதி வழியில், கோபித்துக்கொண்ட மருமகள் பிறந்த வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி வலப்பக்கம் வளைந்து ஏரிக்குள் போய்விடும். "காத்து சார்" என்பார் மேனேஜர். மரத்தில் ஓர் இலை ஆடாது.

"தெனம் தண்ணிலயே கீறியே, பர்மனென்ட் பண்ணுவாங்களா, இல்ல கெளுத்தியோட கெளுத்தியா உட்ருவாங்களா?" என்று கேட்பாள் கங்கம்மாள்.

"சும்மா இரு மே. பூஜை முடிஞ்சதும் சொல்றேன்னு சொல்லிக்கீறாரு."

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஆயுத பூஜை அது. கம்பெனியில் லேத் முதல் துடைப்பம் வரை பொட்டு வைத்தார்கள். எல்லப்பன் முதலாளியின் மட்டைகளையும் வரிசையில் சாத்தி, பந்தில் படுகிற முகத்தில் சந்தனத்தை வழிய அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு யாரும் எடுக்கமாட்டார்கள் என்பது அவன் எண்ணம். ஏர் பூட்டிய வீட்டில் பிறந்தவன் வேறெப்படி நினைப்பான்?

முதலாளி ஏரைக் கண்டாரா? மெட்ராஸிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் நண்பர் வரதராஜனுக்கு ஆடிக் காட்ட, சுண்டல் தின்ற கையோடு பெரிய மட்டையை உருவிக்கொண்டு நடந்தார்.

"ஐயா, இன்னிக்கு அத்த எடுக்கக் கூடாதுங்க" என்று பின்னாலேயே ஓடினான் எல்லப்பன்.

முதலாளி மட்டையின் முகத்தைப் பார்த்தார். "எவன்டா இதுல சாம்பார் ஊத்தினது?"

"சந்தனமுங்க."

"ஆட்டம் முடியட்டும். உன் வேலைக்கும் மாலை போட்டு அனுப்பிடறேன்."

அந்த எரிச்சலிலேயே ஓங்கி அடித்தார். பந்து நேராகப் போனது. வளையவே இல்லை. 'காத்து' என்று சொல்ல வாயெடுத்த மேனேஜர் மூடிக்கொண்டார்.

எல்லப்பன் எடுத்து வந்த பந்தில் செக்கச் செவேலென்று ஒரு வட்டம். வரதராஜன் அதை முதலாளியிடம் காட்டினார்.

"கல்லு மாதிரி இருக்கிற பந்து, அடி பட்டதும் மட்டையில அப்பி அமுங்குது. அதான் இவ்வளவு பெரிய வட்டம். கண் சிமிட்டறதுக்குள்ள பழையபடி உருண்டையாகித் துள்ளிப் போயிடும். நீ மட்டையைக் கோணலா இழுக்கறே. அது பந்தைக் கவ்வி ஒருச்சாய்ச்சு சுத்தி விடுது. அந்தச் சுத்துதான் ஏரிக்கு இழுத்துட்டுப் போகுது. இன்னிக்குச் சந்தனத்துல வழுக்கிடுச்சு, சுத்து ஏறல. நீ அடிச்சது என்னவோ வழக்கம்போல கோணல்தான்."

முதலாளி பந்தை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"அதோட, மட்டையில எதையாவது பூசி அடிக்கிறது விதிப்படி தப்பு."

முதலாளி நண்பரைப் பார்த்தார். எல்லப்பனைப் பார்த்தார். ஏரியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அம்பாள் பிரசாதத்தைத் தப்புன்னு சொல்லாதே வரதா" என்றார்.

வரதராஜனின் கார் காபிக்குக்கூட நிற்கவில்லை.

எல்லப்பன் நிரந்தரமானான். மெஷின் பராமரிப்புப் பிரிவில் பெயர். தினமும் காலையில் சந்தனம் அரைப்பது வேலை. பந்து நேராகப் போகிற சூட்சுமம் இதில்தான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். மேனேஜரும் குனிந்து பார்ப்பார்.

"நீஞ்சவே மறந்துடப் போறே" என்பாள் கங்கம்மாள்.