தேநீர் மேசைக்கு வந்த திராட்சை

அவளை எல்லாரும் மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். பழங்களில் பூச்சிமருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் வேலை. லாரி தெருமுனையில் திரும்பும்போதே எந்தக் கூடையில் என்ன மருந்து என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை அவள் போட்ட தும்மலில் இயந்திரமே பயந்துபோய்த் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. நம்பாதவர்கள் காவலாளியைக் கேட்கலாம். அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொல்வார்.

கூடத்தில் ஒரு வழக்கம். சோதித்து மீந்த பழம், மருந்து அனுமதித்த அளவுக்குள் இருந்தால், தேநீர் மேசைக்கு வரும். தாண்டினால் எரிகுழிக்குப் போகும். "நாம வாயில வைக்காததை ஊருக்கு அனுப்பக் கூடாது" என்று அதை ஆரம்பித்து வைத்தவள் இயக்குநர். மூக்கியின் நாத்தனார்தான். வீட்டில் 'ஏண்டி', கூடத்தில் 'மேடம்'.

மூக்கியின் கணவன் ஒரு காலத்தில் தோட்டங்களில் மருந்து தெளித்தவன். இப்போது தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதி சட்டைக்குத்தான். அளவு கடுமையாக இருந்தால் கண்டபடி தெளிக்க முடியாது. இன்னொருவன் கை நடுங்காது. அதற்காகவே அண்ணியும் நாத்தனாரும் செருப்புத் தேய அலைந்து அரசாங்கத்திடம் அந்த அளவை வாங்கியிருந்தார்கள்.

பிறகு, எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு வைப்பதென்று மாநாடு கூடியது. நாத்தனார் கிளம்பினாள்.

"அண்ணி, உங்க சோதனை முடிவெல்லாம் குடுங்க. அத்தனை பேரையும் நம்ம அளவுக்கு இழுத்துட்டு வரேன்."

"வரலைன்னா என்னைக் கூப்பிடுடி. ஒரு தும்மல் போட்டுட்டு வரேன்."

திரும்பி வந்தவள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. இயந்திரத்தில் புது அளவை ஏற்றும்படி உத்தரவு மட்டும் வந்தது. அன்றைய திராட்சைக் கூடையைத் திறக்குமுன்பே மூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள். இயந்திரமோ பச்சை விளக்குக் காட்டியது.

விடுவிடுவென்று இயக்குநர் அறைக்குப் போனாள். "என்னடி இது?"

"கதவைச் சாத்துங்க, அண்ணி. யாரும் இறங்கி வரல. ஒத்துக்கலைன்னா நம்ம பழத்தை வாங்க மாட்டோம்னுட்டாங்க."

"நான் குடுத்த முடிவெல்லாம்?"

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதை வச்சுத்தான் பேசினேன். தெளிச்சா இவ்வளவு இருக்கத்தான் செய்யும், எங்க சோதனையே சொல்லுதுன்னேன்."

எரிகுழிக்குப் போன பழங்களின் கணக்கு அது.

"உங்க அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறே?"

"அவனுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது?"

தெருமுனை லாரியை மோப்பம் பிடித்தவளுக்கு, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவளைத் தெரியாமல் போய்விட்டது.

தேநீர் வேளையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மூக்கி திராட்சையைக் கழுவித் தட்டில் வைத்து இயக்குநர் முன்னால் நகர்த்தினாள்.

"அளவுக்குள்ளதான் இருக்கு. மொதல்ல நீங்க எடுங்க, மேடம்."

நாத்தனார் ஒரு பழத்தை எடுத்தாள். விரலால் உருட்டினாள். திரும்பத் தட்டிலேயே வைத்தாள். "தொண்டை சரியில்ல, அண்ணி."

"இங்க அண்ணி யாரும் இல்ல, மேடம்."

தட்டோடு மூக்கி எரிகுழிக்கு நடந்தாள். வாசலில் மற்றக் கூடைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

"என்னம்மா, அது பாஸான பழமாச்சே!" என்றார் காவலாளி.

"மேடம் வாயில வைக்கல" என்று சொல்லித் தட்டைக் கவிழ்த்தாள்.