நல்ல நீலம்

அந்த அச்சகத்தில் அவளைப் ‘புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்ணப்படத்தைக் கொடுத்தாலும் பூதக்கண்ணாடியை வைத்து முதலில் அதன் புள்ளிகளைத்தான் பார்ப்பாள். அச்சுத் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கியவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் பெருமையை அவள் மறைத்ததும் இல்லை. பட்டமளிப்புப் படத்தை மேசைக்கு எதிரிலேயே மாட்டியிருந்தாள், அதையும் தானே நிறம் திருத்தி.

அச்சுக்குப் போகும் எந்த ஃபைலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். “போன்ல பளபளன்னு இருந்துச்சே, பேப்பர்ல ஏன் மங்குது?” என்று சண்டைக்கு வருபவர்களுக்கு ஒரே பதில்தான்: “போன் வெளிச்சத்துல நிறம் காட்டுது. எங்ககிட்ட இருக்கிறது நாலு மை. பேப்பருக்குப் பின்னாடி பல்பு மாட்டித் தர முடியாதுங்க.”

அந்த நாலில் வெள்ளை கிடையாது. நீல அட்டையில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், எழுத்தின் வடிவத்துக்கு நீலத்தில் ஓட்டை விட வேண்டும். ஓட்டை வழியே தெரியும் தாள்தான் வெள்ளை. கறுப்பு எழுத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. நீலத்தின் மேலேயே அடித்துவிடலாம். அதற்கு ஓவர்பிரிண்ட் என்று பெயர்.

மெஷின் ஓட்டுபவன் அவள் கொழுந்தன். ஒரே வீட்டிலிருந்து ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். எந்த வேலைக்கும் முதல் தாள் விழுந்ததும் உள்ளேயிருந்து அவன் கத்துவான்: “அண்ணி, புள்ளை பொறந்தாச்சு, வந்து பாருங்க!”

“ஜாடை இருக்கா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே இவள் கண்ணாடியோடு எழுவாள். திரையில் பார்த்த ஜாடை தாளில் இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் மெஷின் ஓடும்.

முதலாளி இன்னொரு கிளை திறக்கவிருந்தார். ஒரு கட்டுமான நிறுவனத்தின் விளம்பரப் புத்தகம் அச்சுக்கு வந்த நேரம் அது. “இது சரியா முடியட்டும்மா, புதுக் கிளை சாவியை யார்கிட்ட கொடுக்கிறதுன்னு அப்புறம் பேசுவோம்” என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். சாவி கைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பக்கத்தில் நின்றிருந்த கொழுந்தனும் சிரித்தான்.

புத்தகங்கள் ஒட்டி, வெட்டி, கட்டுக்கட்டாக வந்து இறங்கின. அட்டை முழுக்க நீலம். நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் நீலம்.

“பேரு எங்கம்மா?” என்றார் முதலாளி.

ஃபைலைத் திறந்தாள். பெயர் முதலில் கறுப்பாக இருந்தது. வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் வெள்ளை கேட்டார். நிறத்தை மாற்றியவள் ஓவர்பிரிண்ட் டிக்கை எடுக்க மறந்திருந்தாள். ஓட்டை விழவில்லை. திரையில் ஜம்மென்று தெரிந்த பெயரைத் தாளில் நீலம் விழுங்கிவிட்டது.

“என் தப்புதான் சார்.”

முதலாளி கொழுந்தன் பக்கம் திரும்பினார். “முதல் ஷீட்டை நீயாவது பார்க்கலையாடா?”

“அண்ணி சாப்பிடப் போயிருந்தாங்க சார். நீங்க அவசரம்னு சொன்னீங்க, அட்டையைக் கவனிக்காமலே ஓட்டிட்டேன். அண்ணி பார்த்த ஃபைல்ல தப்பு இருக்கும்னு யார் கண்டா?”

கேட்கும்போது அவளுக்காகப் பேசியது போலத்தான் இருந்தது. சாயங்காலம் சாவி அவனிடம் போனது.

வீட்டுக்குக் கிளம்புமுன், கழிவில் கிடந்த அட்டை ஒன்றை எடுத்துப் பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை வைத்தாள். நீலம் அத்தனை சுத்தமாக இருந்தது. அதுதான் இடித்தது. அந்த மெஷின் நீலத்தைச் சும்மா விட்டால் கத்தரிப்பூ நிறத்துக்கு இழுக்கும். முதல் தாளைப் பார்த்து, செந்நிற மையான மெஜந்தாவின் அளவை இறக்கினால்தான் வழிக்கு வரும். இந்த அட்டையில் நீலத்தைத் தவிர யாரும் பார்க்க என்ன இருந்தது?

வீட்டில் அவள் கணவனும் அவன் தம்பியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். “நீங்களும் புதுக் கிளைக்கு வந்துடுங்க அண்ணி. ஃபைல் பார்க்க உங்களை விட்டா யாரு?” என்றான் கொழுந்தன்.

“அது இருக்கட்டும். நீலம் அருமையா வந்திருந்துச்சே தம்பி, எப்படிக் கொண்டு வந்தே?”

பாராட்டென்றால் அவனுக்கு நாக்கு நிற்காது. “சும்மாவா அண்ணி? முதல் ஷீட்டு கத்தரிக்காய் மாதிரி விழுந்துச்சு. மெஜந்தாவை இறக்கி, மறுபடி இறக்கி…”

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

“புள்ளைக்கு மூக்கு இல்லைன்னு பொறந்தப்பவே தெரிஞ்சிருக்கு,” என்றாள் அவள். “தப்பு பண்ணினது நான். என்னைக் கூப்பிடாதது நீ.”

அவன் தட்டைப் பார்த்தான். அவள் கணவனைப் பார்த்தாள். புதிதாக ஒன்றைக் கேட்ட முகமாக அது இல்லை. “சாவி வெளியாள்கிட்டயா போச்சு? வீட்டுக்குள்ளதானே இருக்கு, விடு,” என்று தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான் கணவன்.

காலையில் வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தது. புள்ளி அதற்குள் பூதக்கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகப் பழைய அச்சகத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க நடந்துகொண்டிருந்தாள்.