ஜவளகிரிக்கு அப்பால் ஒரு பூட்டிய புத்தக அறை

எங்கள் கம்பெனியில் வார விடுமுறை புதன்கிழமை. ஊரே வேலைக்குப் போகும் நாளில் நான் மட்டும் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தை அது நடக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் புதன்கிழமைதான் வசதி. 2007 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய புதனன்று கிளம்பினேன்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சர், ஜவளகிரிக்கு அப்பால் காட்டோரத்தில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு எங்கள் செக்‌ஷன் பெண்கள் சேர்ந்து அவரிடம் அறுபது கதைப் புத்தகங்கள் கொடுத்தனுப்பியிருந்தோம். படமும் எழுத்தும் பெரிது பெரிதாக இருக்கும் புத்தகங்கள். போன மாதம் தண்ணீர் லாரி வரிசையில் அவரைப் பார்த்தபோது, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டேன். தொடுவதேயில்லை என்றார். ஏன் என்றதற்கு, ஒரு நாள் வந்து பாருங்களேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் ஆறரை மணி பஸ்ஸில் போய்விடுவார். நான் பிடித்தது ஏழு இருபது பஸ். ஓசூரிலிருந்து தளி இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய். மத்திகிரி தாண்டியதும் பனி ஆரம்பித்தது. ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கொட்டகைகள் மட்டும் அங்கங்கே வெள்ளையாகத் தெரிந்து மறைந்தன. ஸ்வெட்டர் இல்லாமல் வந்தது என் முட்டாள்தனம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

தளியிலிருந்து ஜவளகிரிக்கு ஷேர் டெம்போ. டிரைவர் வழியெல்லாம் தெலுங்கில் ஒருவரிடமும் கன்னடத்தில் இன்னொருவரிடமும் பேசிக்கொண்டே வந்தவர், நான் எந்தப் பள்ளிக்கூடம் என்று சொன்னதும் தமிழுக்கு வந்தார்.

"மத்தியானம் அங்க இருக்காதீங்க மேடம். சாப்பாட்டு மணி அடிச்சதும் கெளம்பிடுங்க."

யானையா என்று கேட்டேன். யானை வந்தா சத்தம் கேக்கும், ஓடிப்போயிடலாம் என்றார்.

ஜவளகிரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. காட்டிலாகா வாட்சர் ஒருவர் அரை மணி நேரம் நிறுத்திவைத்தார். விடியற்காலை ஒரு யானைக் கூட்டம் குறுக்கே போனதாம். அதை விரட்ட ராகிக் கொல்லைக்குள் போட்ட வெடி வாசனை இன்னும் பனியோடு கலந்து நின்றது. அவர் கையசைத்த பிறகு நடந்தேன். என் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வருவதுபோலவே இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தை அடைந்தபோது மணி பத்தேகால்.

இரண்டு வகுப்பறைகள், பின்னால் ஒட்டினாற்போல் ஒரு சிறிய அறை. அதில்தான் புத்தக அலமாரி. கதவில் பூட்டு. மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். தமிழைப் பள்ளிக்கூடத்தில்தான் கேட்கிறார்கள். பாட்டுப் பாடச் சொன்னால் பாடினார்கள், கணக்குக் கேட்டால் போட்டார்கள். நான் பையிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்ததும் முன்வரிசை முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

இரட்டைச் சடை போட்ட ரூபா என்ற ஐந்தாம் வகுப்புப் பெண் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "அது மஞ்சுளா புக்கு, மிஸ்."

இது நேற்றுத்தான் வாங்கியது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாளே தவிர, கையை நீட்டவில்லை. மஞ்சுளா யார் என்று டீச்சரைப் பார்த்தேன். அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் தட்டோடு உட்கார்ந்தார்கள், எல்லோரும் கட்டடத்துக்கு முதுகைக் காட்டியபடி. கால் மணி நேரம் போயிருக்கும். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. முப்பத்தொரு பிள்ளைகள் சத்தமில்லாமல் சோறு தின்பதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அப்போதுதான் கேட்டது. பின்னறையிலிருந்து ஒரு சிறு பெண்ணின் குரல். எட்டு ஒன்பது வயதிருக்கும். எழுத்துக்கூட்டி, ராகம் போட்டு, வரி முடிகிற இடத்தில் மூச்சு வாங்கிக் கதை படிக்கிறது. நான் மரத்தடியில் எண்ணினேன். முப்பத்தொன்று சரியாக இருந்தது.

எழுந்தேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அங்கே நின்றபடியே தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார். சத்துணவு சமைக்கும் நஞ்சம்மாவின் மகள் மஞ்சுளா. நாங்கள் கொடுத்த புத்தகங்களை முதலில் எடுத்தவள் அவள்தான். ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய், தமிழில் படித்து, படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கன்னடத்தில் சொல்வாளாம். புத்தகம் வந்த வருடமே ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல். ஓடை ரோட்டுக்கு மேல் ஓடியதால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த ஜீப் அக்கரையிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் வடிய விடிந்துவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த நஞ்சம்மா, அந்த அறைச் சாவி ஒன்று கேட்டார். சமையல் முடிந்ததும் பின்பக்கமாகப் போய் உட்கார்ந்து, மகள் படித்தது அப்படியே மனப்பாடமாக, மகளின் குரலிலேயே சொல்வார். அதன் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். யாரும் பார்க்கக்கூடாது என்று டீச்சரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம், மஞ்சுளா இன்னும் உள்ளே படிக்கிறாள் என்பதுதான்.

"நிறுத்தச் சொன்னா அந்தம்மா சாப்பிடறத நிறுத்திடும். விட்டா இந்தப் பிள்ளைங்க ஒரு புத்தகத்தயும் தொடாமயே அஞ்சாவது முடிச்சிட்டுப் போயிடும். நான் எதப் பண்ணட்டும், சொல்லுங்க?"

நான் பின்னறைப் பக்கம் நடந்தேன். அந்தச் சத்தியம் நான் செய்ததில்லை என்ற ஒரு நினைப்பில்தான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. திறந்த பூட்டு கொக்கியில் தொங்கியது. கதவைத் தள்ளினேன்.

நாற்பது வயதுப் பெண், தரையில் சம்மணமிட்டு, மடியில் புத்தகம். விஷயம் தெரிந்திருந்தும், அந்த முகத்திலிருந்து அந்தக் குரல் வருவதைக் கண்ணால் பார்ப்பது, பார்க்காமல் கேட்பதைவிட மோசமாக இருந்தது. அவர் நிமிரவில்லை. சரியான இடத்தில் பக்கம் திருப்பினார். குடை வாங்கச் சந்தைக்குப் போன ஒரு கரடியின் கதை. திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொள்கிறது, பாலத்தடியில் கரடி ஒண்டி நிற்கிறது. அந்தப் பக்கத்தில் குரல் நின்றது.

"இவ்ளோதான் அவ படிச்சது. இதுக்கு மேல எனக்குத் தெரியாது," என்றார். இது அவருடைய சொந்தக் குரல், கரகரவென்று.

ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் அந்தப் பக்கம் வரைக்கும் வந்து நின்றிருக்கிறார். நான் புத்தகத்துக்குக் கையை நீட்டினேன். அதற்குள் என் இடுப்பை உரசிக்கொண்டு யாரோ உள்ளே போனார்கள். ரூபா. கையில் சோறு காய்ந்திருந்தது. மஞ்சுளாவுக்குப் பக்கத்து இடம் இவளுடையது என்று பிறகு டீச்சர் சொன்னார். உள்ளே மஞ்சுளா இல்லை என்று பார்த்துக்கொள்வதுபோல் நாலு மூலையையும் பார்த்தாள். பிறகு நஞ்சம்மாவின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்து, விரல் வைத்து, திக்கித் திக்கிப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆனது. வாசலில் தட்டும் கையுமாக மற்றவர்கள் வந்து நின்றிருந்தார்கள்.

"கரடி குடையை விரித்தது. அதற்குள் மழை நின்றுவிட்டது."

நஞ்சம்மா அவளையே பார்த்தார். "நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு, அத்தே."

நஞ்சம்மா புத்தகத்தை வாங்கி, அந்தக் கடைசிப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுதது டீச்சர்தான்.

மார்ச்சில் மறுபடி போனேன். பூட்டை எடுத்துவிட்டார்கள். சாப்பிட்டதும் பிள்ளைகள் அந்த அறையில் படிக்கிறார்கள். நஞ்சம்மா நடுவில் உட்கார்ந்து கேட்கிறார், புரியாத இடத்தில் கன்னடத்தில் சொல்லச் சொல்கிறார். அந்தச் சின்னக் குரல் அன்றைக்குப் பிறகு கேட்கவில்லையாம். நான் செய்தது சரியா என்று டீச்சரிடம் கேட்டேன். தெரியலீங்க, ஆனா அலமாரி காலியாயிடுது என்றார்.

போக நினைக்கிறவர்களுக்கு: தளியில் டெம்போ எட்டரைக்குப் பிறகுதான் நிரம்பும். வாட்சர் நில் என்றால் நில்லுங்கள். திரும்ப மூன்று மணிக்குள் ஜவளகிரி வந்துவிட வேண்டும். புத்தகம் கொண்டுபோனால் தமிழோடு நாலு கன்னடப் புத்தகமும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு நின்றபடி கதை சொல்லாமல், அவர்களோடு தரையில் உட்கார்ந்து படித்தால் தாங்களாகவே நெருங்கி வருவார்கள். அறை சிறியது, முப்பத்தொரு பேரும் நெருக்கியடித்துத்தான் உட்காருவார்கள். ஆனாலும் ஜன்னலோரம் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கும். அப்படி விடும்படி யாரும் சொல்லவில்லையாம். நீங்களும் அங்கே உட்காராதீர்கள்.