இருபத்தோரு அங்குலத்தில் ஒரு கம்பி

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். இதைக் கேட்டுவிட்டு கம்ப்யூட்டர் கோளாறு என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன், பல நாள் நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லிங்கி பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில், ரப்பரை நசுக்கித் தகடாக்கும் உருளை மெஷினில் வேலை பார்த்தார். ஒரு நாள் வலது கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது. சொந்தக் கவனக்குறைவு என்று ஆபீஸ் கிராணி எழுதினார், அப்பா இடது கைப் பெருவிரலை அழுத்தினார். அதற்குப் பிறகு சாகும்வரை ஒரே பேச்சு. "கம்பிய முட்டியால தட்டுனேன்டா. அங்க ஒண்ணும் இல்ல."

நான் போய் அந்த மெஷினைப் பார்த்தேன், மெஷினை நிறுத்துகிற கம்பி கிம்பி எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்றார் வேலை வாங்குகிற மண்டோர். கூட வேலை செய்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்து, படித்த திமிரில், "நீங்கதான் கவனிக்கல, சும்மா கம்பி கம்பின்னு சொல்லாதீங்க" என்று கத்தினேன்.

அப்பா போய்ச் சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளில், மம்பாவில் ஒரு சின்னப் பட்டறையில் கம்ப்யூட்டரில் மெஷின் வரையும் வேலை எனக்கு. என் நேரத்தைப் பாருங்கள், அதே எஸ்டேட்டிலிருந்து புது உருளை மெஷினுக்கு ஆர்டர் வந்தது. உருளைக்கு முன்னால், தரையிலிருந்து அறுநூறு மில்லிமீட்டரில், ஒரு குறுக்குக் கம்பி வரைந்தேன். கை மாட்டினால் முட்டியால் தட்டினால் போதும், மெஷின் நின்றுவிடும்.

முதலாளி மணியம் பார்த்தார். "எஸ்டேட்ல கேக்கல லா. வெல ஏறுது, எடுத்துடு."

எடுத்துவிட்டேன். வீட்டில் கைக்குழந்தை, வேலையை விட முடியாது.

பிரிண்ட் எடுப்பதற்கு முன் ஃபுல் ரீபில்ட் கொடுப்பது என் பழக்கம். சாதாரண ரீபில்ட் என்றால் மாற்றிய இடத்தை மட்டும் சரி செய்யும். ஃபுல் ரீபில்ட் என்றால் முதல் கோட்டிலிருந்து கடைசி போல்ட் வரை மெஷினை மறுபடியும் கட்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது முக்கால் மணி நேர வேலை. அதைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் கம்பி இருக்கிறது. அழித்தேன், மறுபடி கொடுத்தேன், மறுபடி வந்தது. மறுநாள் புது ஃபைலில், கம்பியே இல்லாமல், முதலிலிருந்து வரைந்தேன். நம்பினால் நம்புங்கள், அதிலும் வந்தது. உயரம் நான் கொடுத்த அறுநூறு இல்லை. ஐந்நூற்று முப்பத்து மூன்று புள்ளி நான்கு. அப்படி ஒரு எண்ணை எவன் போடுவான்?

மணியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு எரிச்சல். "அப்ப ஃபுல் ரீபில்ட் பண்ணாத லா. சும்மா அழிச்சிட்டு பிரிண்ட் எடு." அப்படியே செய்தேன். கம்பி இல்லாத படத்தில் கையெழுத்தும் போட்டேன்.

மெஷினைப் பொருத்தப் போன அன்று, பழையதை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். அப்பாவின் கையைத் தின்ற மெஷின். சும்மா இருக்க முடியாமல் அதன் காலில் இருந்த பெயிண்டைச் சுரண்டினேன். உள்ளே, வெல்டிங் வைத்து அடைத்த ஓட்டை. எதிர்க் காலிலும் அதே உயரத்தில் ஒன்று. டேப்பை வைத்தேன். அது வெள்ளைக்காரன் காலத்து மெஷின், எல்லாம் அங்குலக் கணக்கு. சரியாக இருபத்தோரு அங்குலம். மில்லிமீட்டராக்கிப் பாருங்கள், ஐந்நூற்று முப்பத்து மூன்று புள்ளி நான்கு வரும்.

கம்பி இருந்திருக்கிறது. கழற்றி, அடைத்து, பெயிண்ட் அடித்துவிட்டு, என் அப்பாவிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். பாவிகள். அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? பத்தடி தள்ளி, நான் கையெழுத்துப் போட்ட மெஷின் முன்னால் சரோஜா என்கிற பெண் வேலைக்கு நின்றுகொண்டிருந்தாள். கம்பி போட வேண்டும் என்று மணியத்திடம் அன்றே கெஞ்சினேன். "வேல முடிஞ்சிருச்சு, விடு" என்றார்.

சில மாதம் கழித்து ரந்தாவ் பசாரில் சரோஜாவைப் பார்த்தேன். முதலில் அவள் கைகளைத்தான் பார்த்தேன். இரண்டும் இருந்தன.

"மெஷின் செஞ்ச அண்ணன்தானே?" என்றாள். "போன வாரம் கையுறை மாட்டி உள்ள இழுத்துருச்சுண்ணே. பயத்துல ஒதறுனேன், முட்டி அந்தக் கம்பில இடிச்சு மெஷின் நின்னுருச்சு. நீங்க போட்ட கம்பிதான் கையக் காப்பாத்துச்சு." சேலையைக் கொஞ்சம் தூக்கி முட்டியைக் காட்டினாள். குறுக்காக ஒரு நீலக் கன்றல்.

அங்கிருந்து நேராக ஃபேக்டரிக்குப் போனேன். நான் வரைந்து கொடுத்தபடியேதான் இருந்தது மெஷின். கம்பி இல்லை, ஓட்டைகூட இல்லை.

சரோஜா நன்றாக இருக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கன்றலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. என் அப்பா தட்டிய அன்றைக்கு மட்டும் அங்கே ஒன்றும் இல்லை.