அம்மாவின் படமும் புதுப் பிரிண்டரும்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வீட்டிலேயே அச்சடிக்கப் புதுப் பிரிண்டர் வாங்கினேன். அதை இயக்கும் ட்ரைவர் மென்பொருளை ஏற்றியதும் கம்ப்யூட்டர் நீலத் திரையோடு நின்றுவிட்டது. வெள்ளவத்தையில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"விண்டோஸ் புதுசாப் போடவா?" என்றார் கடைக்காரர்.

"ஓம், கெதியாப் போடுங்கோ, அவசரம்."

அம்மாவின் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. புது விண்டோஸ் போட்டதில் எல்லாம் அழிந்த பிறகு கேட்டால், "நீங்கதானே ஓம் எண்டீங்க" என்கிறார்.

"சேஃப் மோடில, அதான் அடிப்படை மட்டும் ஓடுற நிலையில, போய் அந்த ட்ரைவரை மட்டும் நீக்கியிருந்தாப் பத்து நிமிச வேலை" என்று அலுவலக நண்பர் பிறகு சொன்னார்.

இப்போது எதை ஏற்றுமுன்பும் எல்லாவற்றையும் பென் டிரைவில் பிரதி எடுத்து வைக்கிறேன். நினைவு மலரில் இருப்பது அடையாள அட்டைப் படம். எப்போதும் வாய் நிறையச் சிரித்த அம்மா, அதில் யாரோ மாதிரி என்னை முறைக்கிறார்.